சுவர் பூசும் முன் கேளுங்கள்: மின்பொறியாளர் பதில்கள்

கட்டிடங்களுக்கு மின்சார வடிவமைப்பு செய்யும் வேலையைப் பற்றி வாசகர்கள் கேட்கலாம் என்று போன இதழில் சொல்லியிருந்தோம். சாட்ஸ்வர்த், ஃபீனிக்ஸ், பீட்டர்மாரிட்ஸ்பர்க், லெனேசியா என்று தென்னாப்பிரிக்காவின் பல பக்கத்திலிருந்தும் கேள்விகள் வந்தன. நான் டர்பனில் 22 வருடமாக இந்த வேலையில் இருக்கிறேன், கிளினிக், பள்ளி, அடுக்குமாடி, கோயில் மண்டபம் எல்லாவற்றுக்கும் வரைபடம் போட்டிருக்கிறேன். ஒரே மாதிரி வந்த கேள்விகளைச் சேர்த்துவிட்டேன். சிலவற்றுக்கு நாலு வரி போதும், சிலவற்றுக்கு நீளமாகத்தான் எழுத வேண்டியிருந்தது.

கேள்வி: அக்கா, நான் மெட்ரிக் (12-ஆம் வகுப்பு) படிக்கிறேன். கணக்கும் இயற்பியலும் நன்றாக வரும். கட்டிட மின்பொறியாளர் ஆகப்போகிறேன் என்று சொன்னால் வீட்டில், "அது எலெக்ட்ரீஷியன் வேலைதானே, அதற்கு எதற்கு நாலு வருடப் படிப்பு" என்கிறார்கள். என்ன வித்தியாசம்? – மாணவன், ஃபீனிக்ஸ்

தம்பி, வீட்டில் கேட்பது நியாயமான கேள்விதான், கோபப்படாதே. எலெக்ட்ரீஷியன் வேலைக்கும் பல வருடப் பயிற்சி வேண்டும், நல்ல எலெக்ட்ரீஷியன்களிடம் நான் கற்றுக்கொண்டது கொஞ்சமல்ல. முடிந்த வயரிங்கைச் சோதித்து, அது விதிப்படி இருக்கிறது என்று சொல்லும் சிஓசி சான்றிதழில் கையெழுத்துப் போடுவதும் அவர்களில் பதிவு பெற்றவர்கள்தான், பொறியாளர் என்ற ஒரே காரணத்துக்காக அதில் நான் கையெழுத்துப் போட முடியாது. என் வேலை அதற்கு ஒன்றிரண்டு வருடம் முன்னாலேயே, மனையில் புல் மட்டும் முளைத்துக் கிடக்கும்போதே தொடங்கிவிடுகிறது.

ஒரு மூன்று மாடி கிளினிக் கட்டுகிறார்கள் என்று வைத்துக்கொள். ஆர்க்கிடெக்ட் தரும் வரைபடத்தில் ஒவ்வொரு அறையாக நான் மனதுக்குள் நடந்து பார்ப்பேன். பல் டாக்டரின் நாற்காலி, எக்ஸ்ரே, கருவிகளைக் கொதிக்க வைக்கும் ஸ்டெரிலைசர், தடுப்பூசி வைக்கும் ஃபிரிட்ஜ், ஏசி, லிஃப்ட், நர்ஸ் அறையில் ஒரு கெட்டில். எல்லாவற்றையும் கூட்டினால் 620 கிலோவாட் வருகிறது என்று வைத்துக்கொள், ஆனால் எல்லாம் ஒரே நிமிடத்தில் ஓடாது. எது எதனோடு சேர்ந்து ஓடும், காலை பத்து மணிக்கு என்ன ஓடும், மாலை ஐந்துக்கு என்ன ஓடும் என்று யோசித்துக் கழித்தால் உச்சத்தில் 380 கிலோவாட்தான் வரும் என்று தெரிகிறது. பவர் ஃபேக்டர், அதாவது இழுப்பதில் உண்மையில் வேலையாக மாறும் பங்கு, 0.95 என்றால் அது டிரான்ஸ்ஃபார்மர் அளவில் 400 கேவிஏ, ஆகவே 500 கேவிஏ டிரான்ஸ்ஃபார்மர் போட்டால் நாளை ஒரு ஸ்கேன் மெஷின் வந்தாலும் இடம் இருக்கும். இந்தக் கணக்கைக் குறைத்துப் போட்டால் இரண்டு வருடத்தில் மூச்சுத் திணறும். கூட்டிப் போட்டால் முதலாளி பயன்படுத்தாத அளவுக்கும் சேர்த்து மாதாமாதம் காசு கட்டிக்கொண்டே இருப்பார். கழிக்க வேண்டியதை எவ்வளவு கழிப்பது என்பதில்தான் அனுபவம் தெரியும். கிளினிக்கில் வேலை செய்யும் நர்ஸிடம் அரை மணி நேரம் பேசினால் புத்தகத்தில் கிடைக்காத பதில் கிடைக்கும் என்பது என் அனுபவம், நான் எப்போதும் அவர்களிடம்தான் முதலில் போவேன்.

அப்புறம் கேபிள். அது சூடு தாங்க வேண்டும், அதோடு நீளம் கூடக்கூட வோல்டேஜும் இறங்கும். நம் நாட்டு வயரிங் விதியான எஸ்ஏஎன்எஸ் 10142-1 அதற்கு 5 சதவீதம் வரை விடுகிறது, அதாவது 230 வோல்ட்டில் 11.5 வோல்ட். கட்டிடத்துக்குள் இது பெரிய பிரச்சினை இல்லை, ஆனால் கேட்டுக்குப் பக்கத்தில் 150 மீட்டர் தள்ளி வாட்ச்மேன் அறை இருந்தால் அந்த ஒரு லைனுக்காக மட்டும் கேபிளைப் பெரிதாக்க வேண்டியிருக்கும்.

அதற்கும் மேலே, ஏதாவது கெட்டுப்போனால் என்ன ஆகும் என்ற கேள்வி. பல் டாக்டர் அறையில் ஷார்ட் ஆனால் அந்த அறையின் பிரேக்கர் மட்டும் விழ வேண்டும், மெயின் விழுந்து தடுப்பூசி ஃபிரிட்ஜும் சேர்ந்து நின்றுவிடக் கூடாது. எந்த பிரேக்கர் எத்தனை நேரத்தில் விழும் என்ற வளைவுகளை ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பார்த்து இதை முடிவு செய்கிறோம். நாலு வருடப் படிப்பு பெரும்பாலும் இதற்குத்தான் உதவுகிறது என்று வீட்டில் சொல். மேஜைமேல் 500 லக்ஸ், நடைபாதையில் 100 லக்ஸ் என்று வெளிச்சக் கணக்கு, கரண்ட் போனால் படிக்கட்டில் எரிய வேண்டிய விளக்கு, தீ எச்சரிக்கை மணி, இடிதாங்கி எல்லாமும் நம் தலையில்தான். சீலிங்குக்கு மேலே கிடைக்கும் 400 மில்லிமீட்டர் இடத்தில் ஏசி டக்ட், தண்ணீர்க் குழாய், நம் கேபிள் ட்ரே மூன்றும் ஒன்றையொன்று மோதாமல் போக வேண்டும், அதற்காகவே வாரம் ஒரு மீட்டிங் நடக்கும். சுவர் பூசுவதற்கு முன்னால் சைட்டுக்குப் போய் குழாயும் பெட்டியும் வரைபடத்தில் உள்ள இடத்தில்தான் இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்த்துவிட வேண்டும், பூசிய பிறகு கண்டுபிடித்தால் சுவரை உடைக்கத்தான் வேண்டும்.

படிப்புக்கு இரண்டு வழி. குவாசுலு-நட்டால் பல்கலைக்கழகத்தின் ஹோவர்ட் காலேஜில் 4 வருடப் பொறியியல் பட்டம், அல்லது டர்பன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் 3 வருடப் பொறியியல் தொழில்நுட்பப் பட்டம். இரண்டாவதை யாராவது தாழ்த்திப் பேசினால் நம்பாதே. அது 2002-ல் எம்.எல். சுல்தான் டெக்னிகானும் டெக்னிகான் நட்டாலும் சேர்ந்து உருவானது. பல்கலைக்கழகக் கதவுகள் நம்மவர்களுக்கு மூடியிருந்த காலத்தில் எம்.எல். சுல்தானில் மாலை வகுப்பு படித்துத்தான் என் அப்பா டிராயிங் போடக் கற்றார். எந்த வழியில் போனாலும், பட்டத்துக்குப் பிறகு பொறியியல் கவுன்சிலில், நாங்கள் எக்ஸா என்று சொல்வோம், கேண்டிடேட் ஆகப் பதிந்து குறைந்தது 3 வருடம் பதிவு பெற்ற ஒருவரின் மேற்பார்வையில் வேலை செய்த பிறகுதான் முழுப் பதிவு. மெட்ரிக்கில் முழுக் கணக்குப் பாடத்துக்குப் பதிலாக எளிதான கணக்கு லிட்டரசி எடுத்துவிடாதே, அது போதாது.

கேள்வி: என் மகள் எஞ்சினீயர் ஆகி கன்சல்டிங் கம்பெனியில் சேர்ந்து 14 மாதம் ஆகிறது. இன்னும் சீலிங்கில் லைட் வரைவதுதான் வேலை, சலிப்பாக இருக்கிறது என்கிறாள். வேறு வேலை தேடச் சொல்லலாமா? – ஒரு தாய், சாட்ஸ்வர்த்

அம்மா, லைட் வரைவது வீண் வேலை இல்லை. எங்கே பீம் போகிறது, எங்கே ஏசி கிரில் வருகிறது, அறையில் மனிதர் எங்கே உட்காருவார் என்று எல்லாம் தெரியாமல் அதை வரைய முடியாது, ஒரு கட்டிடத்தைப் படிக்க அதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. ஆனால் 14 மாதமாக அது மட்டும் என்றால் கம்பெனி பக்கம்தான் தவறு. எக்ஸாவில் முழுப் பதிவுக்கு விண்ணப்பிக்கும்போது வருடத்துக்கு வருடம் பொறுப்பு கூடியதை எழுதிக் காட்ட வேண்டும், அதற்கு லைட் போதாது. இரண்டு வாரத்துக்கு ஒரு முறையாவது சைட்டுக்கு அழைத்துப்போகச் சொல்லட்டும், ஒரு சின்ன கட்டிடத்தின் லோடு கணக்கை முதலிலிருந்து கடைசி வரை தன்னிடம் தரச் சொல்லட்டும். வாயால் கேட்டது மறந்துபோகும், ஈமெயிலில் எழுதிக் கேட்கட்டும். மூன்று மாதத்தில் எதுவும் மாறவில்லை என்றால் அப்போது வேறு இடம் பார்க்கலாம்.

கேள்வி: இந்த வேலைக்கு ரெவிட் கட்டாயமா? ஆட்டோகேட் மட்டும்தான் தெரியும். – வாசகர், டோங்காட்

பெரிய கட்டிடங்களில் இப்போது ரெவிட் என்ற முப்பரிமாண வரைபட மென்பொருளைக் கேட்கிறார்கள், மூன்று மாதம் உட்கார்ந்தால் வந்துவிடும். வெளிச்சக் கணக்குக்கு டயலக்ஸ் இலவசமாகவே கிடைக்கிறது, அதையும் பழகுங்கள். ஆனால் நான் ஆள் எடுக்கும்போது ஒரு வெள்ளைத்தாளைக் கொடுத்து ஒற்றைக்கோட்டு வரைபடத்தைக் கையால் போடச் சொல்வேன். கரண்ட் எங்கிருந்து வந்து எங்கே போகிறது என்று அதில் தெளிவாக வந்தால் மென்பொருளை நானே கற்றுக்கொடுப்பேன்.

கேள்வி: நாங்கள் 48 வீடு உள்ள அடுக்குமாடியில் இருக்கிறோம். கரண்ட் போய் சில மணி நேரம் கழித்து வந்தால், கால் மணி நேரத்துக்குள் மெயின் பிரேக்கர் விழுந்துவிடுகிறது. சாதாரண நாளில் விழுவதே இல்லை. 250 ஆம்பியர் பிரேக்கரை எடுத்துவிட்டு 400 போட்டால் சரியாகிவிடும் என்கிறார் ஒருவர். செய்யலாமா? – குடியிருப்போர் சங்கச் செயலர், டர்பன்

ஐயா, தயவுசெய்து செய்யாதீர்கள். பிரேக்கர் அதற்குப் பின்னால் உள்ள கேபிளைக் காக்கத்தான் இருக்கிறது. கேபிளை மாற்றாமல் பிரேக்கரை மட்டும் பெரிதாக்கினால் அடுத்த முறை பிரேக்கர் விழாது, கேபிள் வேகும்.

காரணம் கீசர். ஒரு வீட்டுக்கு 150 லிட்டர் கீசர், 3 கிலோவாட் எலிமெண்ட் என்றால் 48 வீட்டுக்கு 144 கிலோவாட், ஒரு ஃபேஸுக்கு ஏறக்குறைய 208 ஆம்பியர். சாதாரண நாளில் ஒருவர் காலை ஐந்துக்குக் குளிக்கிறார், இன்னொருவர் ஏழுக்கு, ஒருவர் இரவில். தெர்மோஸ்டாட்கள் வேறு வேறு நேரத்தில் போட்டு அணைப்பதால் எந்த நேரத்திலும் சில கீசர்தான் ஓடும், வடிவமைத்தவர் அதை நம்பித்தான் 250 போட்டிருப்பார், அது தப்பான நம்பிக்கை இல்லை. கரண்ட் போய் நாலு மணி நேரம் கழித்து வரும்போது வீடுகளில் சுடுதண்ணீர் செலவாகி கீசர்களில் குளிர்ந்த தண்ணீர் நிரம்பியிருக்கும், எல்லாத் தெர்மோஸ்டாட்டும் ஒன்றாகச் சேர்ந்து கேட்கும். 20 டிகிரியிலிருந்து 60-க்கு 150 லிட்டரைச் சூடாக்க 7 யூனிட் ஆகும், 3 கிலோவாட்டில் அது இரண்டு மணி நேரத்துக்கும் மேல். அந்த 208 ஆம்பியரோடு அடுப்பு, கெட்டில், ஃபிரிட்ஜ், லைட் என்று இன்னொரு 150 சேர்ந்தால் 250 பிரேக்கர் வழியாக 358 ஆம்பியர் ஓடுகிறது. பிரேக்கருக்குள் இருக்கும் இரட்டை உலோகத் தகடு சூடாகி வளைய சில நிமிடம் பிடிக்கும், அதனால்தான் உடனே விழாமல் கால் மணி நேரம் கழித்து விழுகிறது. உங்கள் கடிதத்தில் அந்தக் கால் மணி நேரத்தைக் குறிப்பிட்டது எனக்கு மிகவும் உதவியது, ஷார்ட் என்றால் அந்த நொடியே விழுந்திருக்கும்.

முறை வைத்துக் கரண்ட்டை நிறுத்தும் லோட் ஷெடிங் உச்சத்தில் இருந்த 2023-ல் இதே புகாருக்காக நான் ஏறி இறங்காத கட்டிடம் இல்லை. வழி என்னவென்றால், ஒவ்வொரு வீட்டிலும் பிரேக்கர்கள் இருக்கும் டிபி போர்டில் கீசர் லைனில் ஒரு டைமர் ரிலே. கரண்ட் வந்ததும் முதல் மாடி கீசர் மட்டும் உடனே, இரண்டாம் மாடி முக்கால் மணி நேரம் கழித்து, இப்படிப் படிப்படியாக வர வேண்டும். ரிலே வைக்கும்வரை, கரண்ட் போனவுடன் கீசர் சுவிட்சை அணைத்துவிடச் சொல்லி லிஃப்ட் பக்கத்தில் ஒரு நோட்டீஸ் ஒட்டுங்கள். கீசர் மாற்ற வேண்டிய வயதுக்கு வந்தால் ஹீட் பம்ப் பாருங்கள், அதே சூட்டுக்கு மூன்றில் ஒரு பங்கு கரண்ட்தான் எடுக்கும். புதுக் கட்டிடங்களில் 2011-லிருந்தே, சுடுதண்ணீருக்கான சக்தியில் பாதியாவது சாதாரண எலிமெண்ட் இல்லாத வழியில் வர வேண்டும் என்று எஸ்ஏஎன்எஸ் 10400-எக்ஸ்ஏ விதி இருக்கிறது, உங்கள் கட்டிடம் அதற்கு முந்தையதாக இருக்கும்.

கேள்வி: எங்கள் கோயிலில் தைப்பூசக் காவடிக்கு மூன்று நாள் சீரியல் லைட், ஸ்பீக்கர், அன்னதானச் சமையல் எல்லாம் உண்டு. எர்த் லீக்கேஜ் (கரண்ட் தரைக்குக் கசிந்தால் அணைத்துவிடும் பெட்டி) அடிக்கடி விழுகிறது. போன வருடம் பூஜை நடுவில் விழுந்து எல்லோருக்கும் வருத்தம். இந்த முறை அந்த மூன்று நாளுக்கு மட்டும் அதை நேர் வயர் போட்டுத் தாண்டிவிடலாம் என்று கமிட்டியில் பேச்சு. உங்கள் கருத்து? – கோயில் கமிட்டி உறுப்பினர், டர்பன் வடக்கு

ஐயா, இதைப் படித்த அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. உங்கள் கமிட்டி நல்ல மனதோடுதான் பேசுகிறது என்று தெரியும், இருந்தாலும் தாண்டக் கூடாது, ஒரு மணி நேரத்துக்குக்கூட.

அந்தப் பெட்டிக்குள் என்ன நடக்கிறது என்று கமிட்டியில் சொல்லுங்கள். ஃபேஸ் வயரும் நியூட்ரல் வயரும் ஒரே இரும்பு வளையத்துக்குள் போகின்றன. போனது அத்தனையும் திரும்பி வந்தால் வளையத்துக்கு ஒன்றும் தெரியாது. ஒரு மனிதன் உடம்பு வழியாகவோ ஈரமண் வழியாகவோ கொஞ்சம் தரைக்குப் போய்விட்டால் கணக்கு இடிக்கும், 30 மில்லி ஆம்பியர் இடித்தாலே அது அணைத்துவிடும். பழைய 60 வாட் குண்டு பல்ப் 260 மில்லி ஆம்பியர் எடுக்கும், அதில் ஒன்பதில் ஒரு பங்குதான் இந்த 30. இதயம் குழம்பிப்போக அதற்குக் கொஞ்சம் மேலே போனாலே போதும். இப்போது காவடி நாளை நினைத்துப் பாருங்கள். வெறுங்கால், உடம்பெல்லாம் வியர்வை, தலையில் பால்குடம், தரையில் மஞ்சள் தண்ணீரும் உடைத்த தேங்காய் நீரும். ஈரமான தோல் கரண்ட்டுக்கு வழிவிடுவது போல் காய்ந்த தோல் விடாது, வருடத்தில் வேறு எந்த நாளையும்விட அந்த மூன்று நாள்தான் உங்கள் பக்தர்களுக்கு அந்தப் பெட்டி அதிகம் தேவை.

இவ்வளவு சின்னக் கசிவுக்கே விழும் இந்தக் கருவி நம் நாட்டில் பிறந்தது என்பது பலருக்குத் தெரியாது. தங்கச் சுரங்கங்களில் ஷாக் அடித்து ஆட்கள் சாவதைத் தடுக்க ஹென்றி ரூபின் என்ற பொறியாளர் 1955-ல் ஒன்றைச் செய்தார், அது 250 மில்லி ஆம்பியரில் விழும், அதற்கு முன் இருந்தவை 10 ஆம்பியர் அளவில்தான் விழும். 1956-ல் 20-க்கும் கீழே கொண்டுவந்துவிட்டார். ஸ்டில்ஃபோன்டைன் சுரங்கக் குடியிருப்பில் ஒரு பெண் வீட்டில் ஷாக் அடித்து இறந்த பிறகு 1957, 1958-ல் அங்கே நூற்றுக்கணக்கான வீடுகளில் இதைப் பொருத்தினார்கள். 1974-ல் நம் நாட்டு வீடுகளுக்கு இது சட்டமே ஆனது.

சரி, அடிக்கடி ஏன் விழுகிறது. இரண்டு காரணம் இருக்கும். ஒன்று, சீரியல் லைட்டில் டேப் சுற்றிய ஜாயிண்ட் பனியில் நனைவது. மழை பெய்த மறுநாள் அதிகமாக விழுந்தால் இதுதான். இரண்டாவது, ஒவ்வொரு எல்இடி டிரைவரும், ஆம்ப்ளிஃபயரும், ஃபிரிட்ஜும் பழுது இல்லாமலேயே ஒன்றிரண்டு மில்லி ஆம்பியர் எர்த்துக்கு விடும். பத்துப் பதினைந்தை ஒரே எர்த் லீக்கேஜில் மாட்டினால் கூட்டிப் பெருகி 20-ஐத் தாண்டிவிடும், அப்புறம் ஒரு சின்ன ஈரம் போதும். ஆகவே ஒன்றை நாலாகப் பிரியுங்கள்: வெளி லைட்டுக்கு ஒன்று, ஸ்பீக்கருக்கு ஒன்று, சமையலுக்கு ஒன்று, கருவறைக்கும் மண்டபத்துக்கும் ஒன்று, ஒவ்வொன்றும் 30 மில்லி ஆம்பியர் உள்ளதாக. வெளியே ஒரு சீரியல் நனைந்து விழுந்தாலும் பூஜை நிற்காது. காவடிக்கு ஒரு வாரம் முன்னாலேயே எல்லாவற்றையும் மாட்டி ஒரு ராத்திரி முழுக்க ஓடவிட்டுப் பாருங்கள், எந்தச் சரம் கெட்டது என்று அப்போதே தெரிந்துவிடும். போர்டு வேலையைப் பதிவு பெற்ற எலெக்ட்ரீஷியன் செய்யட்டும். ஒற்றைக்கோட்டு வரைபடம் வேண்டுமென்றால் பத்திரிகை வழியாக எழுதுங்கள், நானே போட்டுத் தருகிறேன், காசு வேண்டாம்.

கேள்வி: ஒரே நொடியில் எங்கள் கடையில் டிவி, ஃபிரிட்ஜ், கல்லாப்பெட்டி எல்லாம் எரிந்தன. பக்கத்துக் கடையில் லைட் மங்கலாக எரிந்தது, அவ்வளவுதான். இடி மின்னல் எதுவும் இல்லை. எப்படி? – வியாபாரி, லெனேசியா

நியூட்ரல் போயிருக்கிறது. மூன்று ஃபேஸும் சந்திக்கும் அந்த ஒரு வயர் அறுந்தால் உங்கள் கடையும் பக்கத்துக் கடையும் 400 வோல்ட்டுக்கு நடுவே வரிசையாக மாட்டிக்கொள்கின்றன, பளு குறைந்தவருக்கு வோல்டேஜ் அதிகமாகவும் பளு கூடியவருக்குக் குறைவாகவும் பிரியும். நீங்கள் அன்று குறைவாகப் பயன்படுத்தியிருப்பீர்கள், 350 வோல்ட் வந்திருக்கலாம். தாமிரத்துக்காக கேபிள் திருடுகிறவர்கள் நியூட்ரலையும் எர்த்தையும் வெட்டிக்கொண்டு போவதால் இது இப்போது அடிக்கடி நடக்கிறது. சர்ஜ் பிளக் இதற்கு உதவாது, அது மின்னல் மாதிரி கண்ணிமைக்கும் நேரத்துக்கு வருவதை மட்டும் தாங்கும். டிபி போர்டில் வோல்டேஜ் எல்லை தாண்டினால் துண்டிக்கும் ரிலே ஒன்று போடச் சொல்லுங்கள்.

கேள்வி: மேடம், நான் திருச்சியில் பி.இ. முடித்து ஆறு வருடம் கட்டிட மின் வடிவமைப்பு செய்தேன். கணவர் வேலைக்காக ஜோஹன்னஸ்பர்க் வந்திருக்கிறோம். இங்கே என் படிப்பு செல்லுமா, புதிதாக எதைக் கற்க வேண்டும்? – வாசகி, ஜோஹன்னஸ்பர்க்

வாங்கம்மா. படிப்பு செல்லுமா என்பது உங்கள் கல்லூரியைப் பொறுத்தது. வாஷிங்டன் ஒப்பந்தம் என்று ஒன்று இருக்கிறது, அதில் உள்ள நாடுகள் ஒன்றின் பொறியியல் பட்டத்தை மற்றது ஏற்கும். தென்னாப்பிரிக்கா 1999-லும் இந்தியா 2014-லும் முழு உறுப்பினர் ஆயின. ஆனால் இந்தியாவில் தேசிய அங்கீகார வாரியமான என்பிஏ தரும் அங்கீகாரத்தில் முதல் அடுக்கில் உள்ள படிப்புகளுக்கு மட்டும்தான் அது பொருந்தும், நீங்கள் படித்த வருடத்தில் உங்கள் துறைக்கு அது இருந்ததா என்று முதலில் கல்லூரியில் எழுதி வாங்குங்கள். இல்லையென்றாலும் எக்ஸா தனியாகப் பரிசீலிக்கும், நேரம் பிடிக்கும், அவ்வளவுதான். ஆறு வருடத்தில் நீங்கள் போட்ட கணக்குகளையும் வரைபடங்களையும் பழைய கம்பெனியிடம் அனுமதி கேட்டு இப்போதே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், நாளாக ஆக யாரும் பதில் போட மாட்டார்கள்.

வேலையில் பாதி உங்களுக்குத் தெரிந்ததுதான், அதே 50 ஹெர்ட்ஸ், அதே 230 வோல்ட், ஊரிலிருந்து கொண்டுவந்த கிரைண்டரின் பெரிய மூன்று உருண்டைப் பின் பிளக்கூட இங்குள்ள பழைய சாக்கெட்டில் போகும். கவனிக்க வேண்டியது மூன்று. சூரியன் இங்கே வடக்குப் பக்கம், ஊரில் தெற்கு பார்த்து வைத்த சோலார் பலகையை இங்கே வடக்கு பார்த்து வைக்க வேண்டும், ஏசி கணக்கில் எந்த ஜன்னல் சூடு வாங்கும் என்பதும் திரும்பிவிடும். நீங்கள் இருக்கும் ஊர் கடல் மட்டத்துக்கு 1700 மீட்டருக்கு மேலே, அங்கே காற்று மெலிது, டர்பனில் 500 கேவிஏ தரும் ஜெனரேட்டர் அங்கே அதைவிடக் குறைவாகத்தான் தரும், டிரான்ஸ்ஃபார்மரும் ஸ்விட்ச்கியரும் 1000 மீட்டருக்கு மேல் திருத்தம் கேட்கும், கம்பெனி தரும் அட்டவணையைப் பார்க்காமல் ஆர்டர் போடாதீர்கள். மூன்றாவது இடி. கோடைக்காலத்தில் சாயங்காலம் பாருங்கள், தெரியும். இடிதாங்கிக்கும் சர்ஜ் பாதுகாப்புக்கும் ஊரில் ஒதுக்கியதைவிட அதிக நேரம் இங்கே ஒதுக்க வேண்டும்.

கேள்வி: அக்கா, நான் மூன்றாம் வருட கேண்டிடேட் பொறியாளர். ஒரு எட்டு மாடிக் கட்டிடத்தின் கான்செப்ட் கட்டத்தில் இருக்கிறோம். மெயின் போர்டு, ஜெனரேட்டர் எல்லாவற்றையும் பேஸ்மென்ட்டில் வைக்கச் சொல்கிறார் ஆர்க்கிடெக்ட், தரைத்தளத்தைக் கடைக்கு வாடகை விட வேண்டுமாம். இடம் ஆற்றிலிருந்து 300 மீட்டர். நான் எப்படி மறுப்பது? – பொறியாளர், டர்பன்

இந்தக் கேள்விக்கு நான் பட்டதைத்தான் சொல்ல முடியும். பல வருடம் முன்னால் இதே மாதிரி ஒரு கட்டிடம், இதே வாதம். நான் ஒரு மீட்டிங்கில் வேண்டாம் என்றேன், அடுத்த மீட்டிங்கில் ஒப்புக்கொண்டேன். தண்ணீர் வந்தால் இறைக்க இரண்டு பம்ப் போட்டிருக்கிறேனே என்று எனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டேன். 2022 ஏப்ரல் 11, 12 உங்களுக்கு நினைவிருக்கும், டர்பனில் சில இடங்களில் ஒரே நாளில் 300 மில்லிமீட்டருக்கு மேல் மழை, இந்த மாகாணத்தில் 400 பேருக்கு மேல் போய்விட்டார்கள். அந்தக் கட்டிடத்தின் கார் இறங்கும் சரிவு வழியாக வெள்ளம் உள்ளே வந்தது. பம்ப் இரண்டும் ஓடின, அவற்றுக்குக் கரண்ட் கொடுத்த போர்டும் அதே பேஸ்மென்ட்டில்தான் இருந்தது. போர்டுக்குள் கரண்ட்டைச் சுமக்கும் பட்டையான பஸ்பாரைத் தண்ணீர் தொட்டதும் போர்டு போனது, போர்டு போனதும் பம்ப் நின்றது, அப்புறம் தண்ணீர் ஏறுவதைத் தடுக்க எதுவுமில்லை. பம்பின் உயிரை நான் வெள்ளத்துக்குள்ளேயே வைத்திருந்தேன், ஏழு பேர் கையெழுத்துப் போட்ட வரைபடத்தில் அதை ஒருவரும் பார்க்கவில்லை. பதினோரு நாள் கரண்ட் இல்லை, லிஃப்ட் இல்லை. ஆறாவது மாடியில் ஒரு பாட்டி இருந்தார், அவருக்குத் தண்ணீர் எடுத்துக்கொண்டு நானும் ஏறினேன். என்ன நடந்தது என்று அவர் என்னைக் கேட்டார், நான்தான் அந்த வரைபடத்தைப் போட்டவள் என்று அவரிடம் சொன்னேன்.

ஆகவே மறுப்பதைப் பேச்சில் விடாதீர்கள், எழுதுங்கள். வெள்ளம் எவ்வளவு உயரம் வரும் என்ற கணக்கை சிவில் பொறியாளரிடம் கேட்டு வாங்கி, அந்தக் கோட்டை உங்கள் வெட்டுப்படத்தில் நீல நிறத்தில் போடுங்கள். அந்தக் கோட்டுக்குக் கீழே போர்டு நிற்பதை முதலாளியே கண்ணால் பார்க்கும்போது, பத்து மீட்டிங்கில் பேசியது புரியாதவருக்கும் புரிந்துவிடும். எனக்கு இரண்டு கட்டிடங்களில் இது வேலை செய்தது. கடை வாடகைதான் கவலை என்றால் மாற்று இடத்தையும் நீங்களே வரைந்து கொண்டுபோங்கள், மெயின் போர்டுக்கு முதல் மாடியில் ஒரு சின்ன அறை போதும், கடை இடம் எவ்வளவு குறைகிறது என்று சதுர மீட்டரில் எழுதிக் காட்டுங்கள், பெரும்பாலும் அவர் பயப்பட்டதைவிடக் குறைவாகத்தான் இருக்கும்.

ஜெனரேட்டரை மேலே ஏற்றினால் மட்டும் போதாது. 2012-ல் நியூயார்க்கில் புயல் வெள்ளம் வந்தபோது பெல்வியூ ஆஸ்பத்திரியில் ஜெனரேட்டர் 13-ஆம் மாடியில் பத்திரமாகத்தான் இருந்தது. டீசலை மேலே ஏற்றும் பம்ப் பேஸ்மென்ட்டில் மூழ்கிவிட்டது, ஊழியர்கள் வரிசையாகப் படிக்கட்டில் நின்று டீசலைக் கைமாற்றி மேலே அனுப்பினார்கள், கடைசியில் நோயாளிகளை வெளியேற்றத்தான் வேண்டியிருந்தது. அதனால் ஒவ்வொரு கருவியையும் எடுத்து, இது ஓட எது வேண்டும், அது எங்கே இருக்கிறது, அது ஓட எது வேண்டும் என்று கடைசி வரை பின்னால் போய்ப் பாருங்கள். டீசல் பம்ப், ஜெனரேட்டருக்கு மாற்றும் சுவிட்ச், அதன் கண்ட்ரோல் கேபிள், தீயணைப்புப் பம்பின் லைன், எதுவும் அந்த நீலக் கோட்டுக்குக் கீழே இருக்கக் கூடாது. வெள்ளப் பம்புக்கான கரண்ட் மேல் மாடிப் போர்டிலிருந்து தனி லைனாக இறங்கட்டும். கரண்ட் போனால் லிஃப்ட் பேஸ்மென்ட்டுக்குப் போய் நிற்காமல் மேல் மாடியில் நிற்கும்படி லிஃப்ட் கம்பெனியிடம் இப்போதே எழுதிச் சொல்லுங்கள்.

இன்னொன்று அவசரம். கூரையில் வைப்பது என்றால், 500 கேவிஏ ஜெனரேட்டர் நாலு டன் அளவில் வரும், அதோடு டீசல் டேங்க், அதிர்வு வேறு. கான்செப்ட் கட்டம் இந்த மாதக் கடைசியில் முடிகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். ஸ்ட்ரக்சுரல் பொறியாளர் பீம் அளவை முடித்துவிட்டால் அந்த வழி அடைந்துவிடும், ஆகவே ஆர்க்கிடெக்ட்டோடு வாதம் முடியும்வரை காத்திருக்காமல் எடையையும் இடத்தையும் இந்த வாரமே அவருக்கு அனுப்பிவிடுங்கள்.